மாணிக்கக் குழிகளும் அவற்றில் இறங்கிய மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில் றப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். என் தாய்மாமாவும் அவர் தலைமுறையைச் சேர்ந்த பலரும் தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டு வேலை போன பிறகோ, வேலை குறைந்த காலங்களிலோ மாணிக்கக் குழிகளில் இறங்கியவர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொழும்பிலும் வவுனியாவிலும் தமிழ்நாட்டிலும் இருந்துகொண்டு அந்தக் குழிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இரத்தினபுரி அடங்கிய சபரகமுவை மாகாணத்தின் சிறு குழிகளைப் பற்றியே பேசுகிறேன்.

மாணிக்கக் குழி என்பது எவ்வளவு பெரியது? கம்பெனிச் சுரங்கம் போன்றதா?

இல்லை. ஒரு குழியின் வாய் சிறிய அறையொன்றின் அளவுகூட இருக்காது. வயல்வெளியில் சில மீற்றர் ஆழத்திலேயே சரளை தட்டுப்படும். மேட்டு நிலத்தில் இருபது மீற்றருக்கும் கீழே போக வேண்டி வரலாம். ஆறு முதல் பத்துப் பேர், ஒரு நீரிறைக்கும் இயந்திரம், மண்வெட்டி, அலவாங்கு, கூடைகள், மேலே ஓர் ஓலைக் கொட்டகை. இவ்வளவுதான் முழு நிறுவனமும். அறுவடை முடிந்த வயலில் தொடங்கி, சரளை தீர்ந்ததும் மூடிவிட்டு, அதே வயலில் மறுபடியும் நெல் விதைத்த குழிகள் ஏராளம். கனரக இயந்திரம் கொண்டு தோண்டுவதற்குத் தனியான அனுமதி வேண்டும் என்பதால், இலங்கையின் மாணிக்கத் தொழில் இன்றும் பெருமளவுக்குக் கைத்தொழிலாகவே இருக்கிறது.

கல் அந்த மண்ணுக்குள் எப்படி வந்தது?

தீவின் நடுப்பகுதியிலுள்ள பாறைகள் மிகப் பழையவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. நீலமும் சிவப்பும் புஷ்பராகமும் அந்தப் பாறைகளில்தான் விளைந்தன. பிறகு மழையும் வெயிலும் பாறையை அரித்தன. ஆறுகள் சிதைவுகளை உருட்டிக்கொண்டு வந்து பள்ளத்தாக்குகளில் படியவிட்டன. கனமான கற்கள் முதலில் அடியில் தங்கின. களிமண்ணுக்கும் சேற்றுக்கும் கீழே புதைந்துகிடக்கும் அந்தச் சரளை அடுக்கைத்தான் குழிக்காரர்கள் ‘இல்லம்’ என்கிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அதே சொல்லையே பயன்படுத்துகிறார்கள். களு கங்கையும் வளவை கங்கையும் அவற்றின் கிளைகளும் பாயும் இரத்தினபுரி, பெல்மதுளை, குருவிட்டை, எஹெலியகொடை, நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் குழிகள் நெருக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

குழியை எப்படி வெட்டினார்கள்?

முதலில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கிப் பார்ப்பார்கள். சரளையில் முட்டினால் கம்பியின் நுனியில் ஒரு நெறுநெறுப்பு கைக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். கம்பியை வெளியே எடுத்து நுனியில் ஒட்டிய மண்ணையும் கீறலையும் பார்த்தே, கீழே நல்ல இல்லம் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய கிழவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள்.

வெட்டத் தொடங்கிய சில அடிகளிலேயே தண்ணீர் ஊறும். அதன் பிறகு நடப்பதெல்லாம் தண்ணீரோடும் மண்ணோடும் போராட்டம். குழியின் நான்கு பக்கமும் மரச் சட்டங்களை அடுக்கடுக்காக இறக்கி, குறுக்கே முட்டுக்கொடுப்பார்கள். பாக்கு மரமும் றப்பர் மரமும் அதிகம் பயன்பட்டன. சட்டத்துக்கும் மண்சுவருக்கும் இடையில் கெகில்ல என்ற பன்னச் செடியைக் கட்டுக்கட்டாகத் திணிப்பார்கள். இது தண்ணீரைக் கசியவிட்டு மண்ணைத் தடுத்து நிறுத்தும். பணம் செலவில்லாத, பக்கத்துக் காட்டிலேயே கிடைக்கிற இந்தச் செடிதான் எத்தனையோ பேரின் உயிரைக் காத்தது. முட்டுக்கொடுப்பவர் கைதேர்ந்தவராக இருந்தால் மட்டுமே மற்றவர்கள் நிம்மதியாகக் கீழே குனிவார்கள். என் மாமா ஒரு குழியில் சேருவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, முதலாளி யார் என்பதல்ல, முட்டு யார் கட்டுகிறார் என்பதுதான்.

மண்ணை மேலே கொண்டுவர இரண்டு வழிகள். ஆழம் குறைந்த குழியில் ஒருவருக்கு மேல் ஒருவராகப் படிகளில் நின்று கூடையைக் கைமாற்றுவார்கள். ஆழமானால் வாயின்மேல் மர உருளையைப் பொருத்தி, இருவர் இருபுறமும் நின்று கைப்பிடியைச் சுழற்றி வாளியை இழுப்பார்கள். இல்லத்தைத் தொட்ட பிறகு, அடியிலிருந்து பக்கவாட்டில் சிறு சுரங்கங்கள் குடைவார்கள். நிமிர முடியாத உயரம். படுத்தும் தவழ்ந்தும் வெட்ட வேண்டும். கூடவே ஒரு மெழுகுவர்த்தி எரியும். வெளிச்சத்துக்காக மட்டுமன்று, சுடர் சுருங்கினால் காற்றுக் குறைகிறது என்று பொருள், உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

நீர் இறைப்பது நின்றால் ஓரிரவில் குழி நிரம்பிவிடும். அதனால் இயந்திரத்துக்குக் காவலாக யாராவது ஒருவர் கொட்டகையில் படுத்திருப்பார். வெட்டி எடுத்த இல்லம் மேலே குவிந்திருக்கும்போது அந்தக் காவல் இன்னும் இறுகும்.

கழுவும் நாளைப் பற்றி நிறையச் சொல்கிறார்களே, அன்று என்ன நடக்கும்?

பல நாட்கள், சில குழிகளில் பல வாரங்கள், எடுத்த சரளை ஒரே நாளில் கழுவப்படும். நல்ல நேரம் பார்த்துத் தொடங்குவார்கள். பங்காளிகள் அத்தனை பேரும், நிலக்காரரோ அவருடைய ஆளோ, முதலாளியின் ஆளோ அங்கே இருப்பார்கள். எல்லோர் கண்ணும் ஒரே கூடைமேல் இருக்கும்.

இடுப்பளவு நீரில் நின்று, மூங்கிலில் பின்னிய அகன்ற கூடையைச் சுழற்றிச் சுழற்றி அலைவார்கள். சேறு கரைந்து ஓடும், இலேசான கற்கள் விளிம்பால் சிதறும், கனமானவை நடுவில் தங்கும். இதன் சூத்திரம் எடை. சாதாரண வெண்கல்லாகிய குவார்ட்ஸ் நீரைவிடச் சுமார் 2.65 மடங்கு கனம். நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் சேர்ந்த குருந்த இனம் நான்கு மடங்கு. கழுவுகிறவரின் மணிக்கட்டு அந்த வித்தியாசத்தைப் படித்தறிந்திருக்கும்.

கடைசியில் கூடையை வெளிச்சத்துக்குச் சாய்த்து, அனுபவமுள்ள ஒருவர் மட்டும் கையால் தடவிப் பார்ப்பார். அவர் பேசமாட்டார். மற்றவர்களும் பேசமாட்டார்கள். கிடைத்த கல்லை எல்லோரும் பார்க்கும்படி நீரில் நனைத்துக் காட்டிவிட்டு ஒரு புட்டியிலோ பையிலோ போடுவார்கள். கல் இல்லாத கூடைதான் அதிகம். அடுத்த கூடையை நிரப்பு என்று ஒருவர் சொன்னதும் மறுபடியும் வேலை தொடங்கிவிடும்.

இவர்கள் கூலியாட்களா, பங்காளிகளா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மினக்கெட விரும்புகிறேன். குழிக்காரர்களின் நினைவில் மிகப் பெருமையாகத் தங்கியிருப்பது பங்கு. தோட்டத்தில் நாட்கூலி; கங்காணி பேர் போட்டால் காசு, போடாவிட்டால் இல்லை. குழியில் அதே மனிதருக்குக் கல்லில் ஒரு பகுதி உரிமையாக இருந்தது. அதை அவர் கேட்டு வாங்கலாம், சண்டை போட்டு வாங்கலாம்.

கணக்கு ஊருக்கு ஊர் மாறும். நான் அறிந்த குழிகளில் வழக்கம் ஏறத்தாழ இப்படி: விற்ற தொகையில் ஐந்தில் ஒன்று நிலக்காரருக்கு. பத்தில் ஒன்று அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு. இன்னொரு பத்தில் ஒன்று நீரிறைக்கும் இயந்திரத்துக்கு. மீதியில் பாதி முதல் போட்டவர்களுக்கு, பாதி வேலை செய்தவர்களுக்கு. ஒரு கல் ஒரு லட்சம் ரூபாவுக்குப் போனதென்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கு இருபதாயிரம், அனுமதிக்குப் பத்தாயிரம், இயந்திரத்துக்குப் பத்தாயிரம். எஞ்சிய அறுபதாயிரத்தில் முப்பதாயிரம் வேலையாட்களுக்கு. ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு ஐயாயிரம். பல குழிகளில் டீசல், மரம், சாப்பாட்டுச் செலவுகளை முதலிலேயே கழித்துவிடுவார்கள். அப்போது இந்த ஐயாயிரமும் சுருங்கும்.

கல் கிடைக்காத காலத்தில் முதல் போட்டவர் சாப்பாடும் சிறு கைச்செலவும் தருவார். அதைத் தவிர எதுவும் இல்லை. மாதக்கணக்கில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

பங்குமுறை நியாயமான ஏற்பாடா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பிரிக்கிற விதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். சேற்றில் நிற்கிறவனையும் பங்காளியாக எண்ணுகிற தொழில்கள் அதிகமில்லை. அநியாயம் நுழைகிற இடம் விற்பனை. கல்லை விற்கப் போகிறவர் முதலாளி; என்ன விலைக்குப் போனது என்று அவர் சொல்வதுதான் கணக்கு. குழியில் இறங்கியவனுக்குக் கல்லின் தரமும் தெரியாது, சந்தையும் தெரியாது. வேலையாட்கள் தங்களில் ஒருவரை விற்பனைக்குக் கூடவே அனுப்ப வேண்டுமென்று பிடிவாதம் பிடித்த குழிகளும் இருந்தன. அந்தக் குழிகளில் கூட்டு நீண்ட காலம் நிலைத்தது.

தோட்டத் தமிழருக்கு இந்தத் தொழிலில் என்ன இடம் இருந்தது?

மேலே சொன்ன பங்குகளை மறுபடியும் பாருங்கள். நிலப் பங்கு, அனுமதிப் பங்கு, இயந்திரப் பங்கு, முதலீட்டுப் பங்கு, வேலைப் பங்கு. முதல் நான்கிலும் தோட்டத்து மனிதருக்கு வாசல் மூடியிருந்தது. நூறாண்டுக்கு மேல் அந்த மலைகளில் உழைத்தும் அவர் குடியிருந்த லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அறையின் நிலம்கூட அவருடையதாக இருக்கவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பகிர்ந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் நிலம் தொழிலாளிக்கு வரவில்லை. எனவே அவருக்கு மிஞ்சியது கடைசிப் பங்கு மட்டும். அவர் போட்ட முதல் அவருடைய உடம்பு.

ஆனாலும் குழி அவர்களை ஈர்த்தது. காரணம் பேராசை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மகளின் கல்யாணத்துக்கு, கடையில் ஏறிய கடனுக்கு, மகனை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வரை படிக்கவைப்பதற்கு, நாட்கூலியில் எந்தக் காலத்திலும் சேராத ஒரு தொகை தேவைப்பட்டது. அந்தத் தொகை ஒரே நாளில் வரக்கூடிய இடம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

குழிக்குள் சிங்களக் கிராமத்து ஆட்களோடு தோளோடு தோள் நின்றார்கள். ஒரே பானைச் சோறு, ஒரே மெழுகுவர்த்தி. என் மாமா சிங்களம் கற்றது அங்கேதான். 1977 இலும் 1981 இலும் 1983 இலும் இனவன்முறையில் சபரகமுவைத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது அந்த உறவுகளில் சில அறுந்தன. சில, ஆட்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றும் அளவுக்கு நின்றன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. குழி நினைவுகள் இவ்வளவு தூரம் சிதறிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய கல் எடுத்தவர்கள் பணக்காரர் ஆனார்களா?

உலகம் அறிந்த கற்கள் உண்டு. 1926 இல் பெல்மதுளைப் பக்கத்து வயலொன்றில் கிடைத்த நீலக்கல், பிற்பாடு ‘புளூ பெல் ஒப் ஏசியா’ என்று பெயர் பெற்றது; 392.52 கரட். 2014 நவம்பரில் ஜெனிவா ஏலத்தில் 1.73 கோடி டொலருக்குப் போனது. அந்த வயலில் கூடை பிடித்தவர்களின் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் இல்லை. 2016 தொடக்கத்தில் 1404.49 கரட் எடையுள்ள நட்சத்திர நீலக்கல் ஒன்று செய்திகளில் வந்தது. 2021 இல் இரத்தினபுரியில் வீட்டுக்காரர் ஒருவர் கிணறு வெட்டியபோது கிடைத்ததாக 510 கிலோ எடையுள்ள நீலக்கல் கொத்து ஒன்றைக் காட்டினார்கள். அதைப் பற்றி அன்று சொல்லப்பட்ட விலையை வணிகர்கள் பலர் நம்பவில்லை. கொத்தின் எடை வேறு, வெட்டிப் பட்டை தீட்டக்கூடிய தரமான கல்லின் அளவு வேறு.

சாதாரணக் குழியில் நடந்தது என்னவென்றால், கையில் வந்த காசு கடனுக்குப் போகும், கொஞ்சம் நகையாகும், மீதி அடுத்த குழிக்குப் போகும். ஒரு கல்லில் வந்ததை மூன்று வெறுங்குழிகளில் விட்டவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. கிடைத்த காசில் ஊரில் கடையோ, பஸ்ஸோ, ஒரு துண்டுக் காணியோ வாங்கி அத்தோடு குழியை விட்டவர்கள் மட்டுமே நிலைத்தார்கள். குடியில் கரைந்தவர்களும் இருந்தார்கள். அதை மறைப்பதில் பயனில்லை.

கெவுடா என்றால் என்ன? தாத்தா அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கோபப்படுகிறாரே?

கோபப்படக் காரணம் இருக்கிறது. கெவுடா என்பது பால் கலந்ததுபோல் மங்கிய வெளிறிய குருந்தக்கல். நிறமில்லை, ஒளி தெளிவாக ஊடுருவாது. ஆண்டாண்டு காலமாக அதைக் கழிவென்று ஒதுக்கிவைத்தார்கள். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் வந்து அதை மலிவாக, எடைபோட்டு வாங்கத் தொடங்கினார்கள். அங்கே கொண்டுபோய் 1500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கினார்கள். கல்லுக்குள் நூலிழைபோல் படிந்திருந்த ரூட்டைல் என்ற கனிமம் கரைந்தது. அதிலிருந்த டைட்டேனியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து ஆழ்ந்த நீல நிறத்தைத் தந்தது. கழிவு, விலைமதிப்புள்ள நீலக்கல்லாக மாறியது.

இங்கே உள்ளவர்கள் அந்தச் சூளை வித்தையைக் கற்றுக்கொள்வதற்குள் பெரும் அளவு கெவுடா நாட்டை விட்டுப் போய்விட்டது. தங்கள் கையால் தூக்கி எறிந்த கற்களைப் பற்றிக் கேட்கும்போது முதியவர்களுக்கு நெஞ்சு எரிவது இயல்பு.

அனுமதிப்பத்திரம் எப்போது வந்தது? அதற்கு முன் யாரும் கேள்வி கேட்கவில்லையா?

ஆட்சியில் இருந்தவர்கள் எப்போதும் கேட்டார்கள். 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா, புத்தளத்தில் தங்கியிருந்த யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய ஆட்களின் துணையோடு சிவனொளிபாதமலைக்குப் போனவர். ஒருவர் ஒரு துண்டு நிலத்தை வாங்கி அதில் மாணிக்கம் தோண்டுவதை எழுதியிருக்கிறார். நூறு பணத்துக்கு மேற்பட்ட கல்லை அரசன் விலை கொடுத்து எடுத்துக்கொள்வான், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்ற வழக்கத்தையும் குறித்திருக்கிறார். துண்டு நிலம், தனியார் குழி, மேலே அரசின் கை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளில் இந்த அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நாம் அறிந்த காலத்தில், 1971 இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அதன் இடத்துக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை வந்தது. அனுமதி பெற நிலத்தின் மீதான உரிமையையோ உரிமையாளர்களின் சம்மதத்தையோ காட்ட வேண்டும். குழியை மூடி நிலத்தைச் சீராக்குவதற்கு உத்தரவாதமாகப் பணம் கட்ட வேண்டும்.

அனுமதியில்லாத இரவுக் குழிகளைப் பற்றிப் பேசலாமா?

பேச வேண்டும். மறைத்தால் நினைவு பாதியாகிவிடும். நிலமில்லாதவருக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே தோட்டத்து ஓடைகளிலும் தேயிலை மலைச் சரிவுகளிலும் இரவில் தோண்டினார்கள். பொகவந்தலாவைப் பகுதியில் கெசல்கமு ஓயாவை அண்டி இது இன்றும் நடக்கிறது. பொலிசார் கைது செய்வதும் அடிக்கடி செய்தியாகிறது. ஆறு கலங்கி, கரை இடிந்து, மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது. அந்தச் சேதத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன். அதேவேளை, முட்டுக்கொடுக்க நேரமில்லாமல், வெளிச்சமில்லாமல், சத்தம் போடக்கூட முடியாமல் கீழே இறங்கியவர்களின் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பணக்காரர் பாதுகாப்பாக இருந்தார் என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

பெண்கள் குழிக்கு வந்தார்களா?

வரவில்லை, வரவிடவில்லை. குழியருகே பெண் வந்தால் கல் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் குழி ஓடியதே பெண்களால்தான். கணவன் மாதக்கணக்கில் ஒன்றும் கொண்டுவராதபோது கொழுந்து பறித்து அடுப்பெரித்தவள் மனைவி. தன் தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போய்த் திரும்பாததைப் பார்த்தவளும் அவள்தான். என் அத்தையிடம் குழியைப் பற்றிக் கேட்டால், கல்லின் நிறத்தைச் சொல்லமாட்டார், அடகுச் சீட்டின் தேதியைச் சொல்வார்.

வேறென்ன நம்பிக்கைகள் இருந்தன?

குழி வெட்டும் முன் பூசை. மண்ணுக்கடியிலுள்ள செல்வத்தைக் காப்பது பைரவர் என்பது சிங்களவர், தமிழர் இருவருக்கும் பொது நம்பிக்கை. சிங்களவர் சமன் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். நம்மவர்கள் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும். நல்ல கல் விழுந்தால் இருவரும் ஒன்றாகக் கதிர்காமம் போவார்கள். செருப்போடு குழியில் இறங்குவதில்லை. கல் கிடைத்ததை வெளியில் சொல்வதுமில்லை. இதில் பக்தியைவிடக் களவுப் பயம் அதிகம்.

எவ்வளவு ஆபத்தான வேலை இது?

மண் சரிந்து மூடியதால் இறந்தவர்கள் அதிகம். பெருமழைக்குப் பிறகு ஊறிய சுவர், ஓர் எச்சரிக்கையும் தராமல் இறங்கிவிடும். அடுத்தது காற்று. ஆழ்குழியில் தண்ணீர் இறைக்க இயந்திரத்தையே கீழே இறக்கி ஓட்டுவார்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, ஒரே குழியில் இருவர் மூவர் போன துயரங்கள் நடந்திருக்கின்றன.

சத்தமில்லாத ஆபத்து நோய். சேற்றுநீரில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். இரத்தினபுரி அந்த நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்று. குழிக்காரர்களுக்குத் தடுப்பு மாத்திரையாக டொக்சிசைக்கிளின் வழங்கப்படுகிறது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள், ஆனால் காயமில்லாத கால் யாருக்கு இருந்தது?

வறண்ட பிரதேசத்தில் மலேரியா. எலஹரவில் 1960களில் கல் கண்டெடுக்கப்பட்ட பிறகு நாலாபக்கத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். கைவிட்ட குழிகளில் தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது; காட்டுக் குடிசைகளில் படுத்தவர்கள் காய்ச்சலோடு ஊர் திரும்பினார்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று தந்தது. எலஹரக் காய்ச்சலை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செய்தியின் அருமை தெரியும்.

கல்லை யார் வாங்கினார்கள்?

முதலில் தரகர். பிறகு இரத்தினபுரித் தெருச் சந்தை. அதற்கு மேல், பேருவளையின் முஸ்லிம் வணிகர்கள். தலைமுறை தலைமுறையாகக் கல்லைப் படித்தவர்கள். தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் நம்மவர்களுக்கு அவர்களோடு பேச எளிதாக இருந்தது. கல்லைக் காலை வெளிச்சத்தில் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தொகை தெரியாது. வேலைப் பங்கு வாங்கும் மனிதர் பக்கத்திலேயே நின்றாலும் அவருக்கும் தெரியாது.

இரத்தினபுரிக்கு வெளியே குழிகள் உண்டா?

உண்டு. எலஹரவையும் பொகவந்தலாவையையும் சொன்னேன். மொனராகலை மாவட்டத்தில் ஒக்கம்பிட்டிய. 2012 இல் கதிர்காமத்துக்கு அருகே வீதி வேலைக்காகக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் தென்பட்டு, ஒரே நாளில் ஊரே திரண்டது. பிறகு அரசு அந்த நிலத்தைத் துண்டுதுண்டாக ஏலம் விட்டது.

எங்கள் தாத்தா குழியில் வேலை செய்தவர். அவர் நினைவுகளை எப்படிப் பதிவுசெய்வது?

பெரிய கல் எது என்று தொடங்காதீர்கள். ஏற்கனவே பலமுறை சொன்ன கதை ஒன்றுதான் வரும். யார் யாரோடு குழியில் நின்றீர்கள் என்று கேளுங்கள். பெயர்கள் வந்தால் பின்னாலேயே ஊர், வயல், ஓடை, சண்டை, சாவு எல்லாம் வரும். முட்டு யார் கட்டினார், சோறு யார் சமைத்தார், முதலாளி எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தார், பங்கு பிரித்த இரவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒரு மூங்கில் கூடையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வாய் மறந்ததைக் கை செய்து காட்டும். அதைக் காணொளியில் எடுங்கள்.

வீட்டிலுள்ள காகிதங்களையும் தேடுங்கள். பங்குக் கணக்கு எழுதிய பயிற்சிக் கொப்பி, அடகுச் சீட்டு, அனுமதிப்பத்திர நகல், ஆஸ்பத்திரித் துண்டு எதுவானாலும் படம் எடுத்து, யார் யார் என்பதை எழுதிவையுங்கள். பாட்டி இருந்தால் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் அவர் பேசமாட்டார். சட்டத்துக்குப் புறம்பான குழியைப் பற்றிச் சொன்னால் ஆட்களின் பெயரையும் இடத்தையும் வெளியிடாதீர்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அதனால் தொல்லை வரக்கூடாது.

அவர் வேலை செய்த குழியைப் போய்ப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. மூடிய குழிமேல் வயலோ வீடோ இருக்கும். மூடாமல் விட்டவை காட்டுச் செடி மண்டி, மழைநீர் நிரம்பி, பார்வைக்குச் சிறு குட்டைபோல் தெரியும். ஆழம் தெரியாது, ஓரம் உள்ளுக்குள் அரித்திருக்கும். பிள்ளைகளும் மாடுகளும் விழுந்த இடங்கள் அவை. போவதென்றால் ஊரில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வறண்ட மாதத்தில், பகலில் போங்கள். நிலக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இப்போது வேலை நடக்கிற குழியைப் பார்க்க விரும்பினால் இரத்தினபுரியில் அனுமதிப்பத்திரத்தோடு இயங்கும் குழிக்காரர்கள் பலர் கேட்டால் காட்டுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். கூடையை அலைந்துகொண்டிருக்கும்போது எதுவும் கேட்காதீர்கள். தேநீருக்கு மேலே ஏறிவந்த பிறகு அவர்களே பேசுவார்கள்.